பேச்சிக்கு இரண்டு நிமிடம்

ஏப்ரல் 21

இந்த டைரி, பொங்கலுக்கு உரக் கம்பெனிக்காரர்கள் அப்பாவுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு விவசாயக் குறிப்பு அச்சடித்திருக்கிறது. இன்றைய குறிப்பு: தண்டுத் துளைப்பானைத் தொடக்கத்திலேயே கவனிக்கவும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் எனக்குக் கவனிக்க வேறு துளைப்பான் எதுவும் இல்லை. அதனால் அக்காவைக் கவனித்து எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அக்காவின் ஐயெல்ட்ஸ் ரிசல்ட் இன்று வந்தது. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் வருமா என்று பார்க்கிற பரீட்சை. 'ஐயோ'வில் பாதியைப் பேரிலேயே வைத்திருக்கிறார்கள், நியாயமான ஆட்கள். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பாகம். மார்க்குக்குப் பேர் பேண்ட். ஒன்பதுதான் உச்சம். பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகம் அக்காவுக்கு இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டது. வாழை நோய்களைப் பற்றிய மேல்படிப்பு. ஆனால் நாலு பாகத்தில் எதிலுமே ஆறரைக்குக் குறையக் கூடாதாம்.

அக்கா வாங்கியது: கேட்டதில் எட்டரை, வாசித்ததில் எட்டு, எழுதியதில் ஏழு, பேசியதில் ஐந்து.

எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் குலதெய்வம் பேச்சியம்மன். முதல் பிள்ளைக்குப் பேச்சியம்மாள் என்று பேர் வைத்தார்கள்; பேச்சை மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து என்னைப் பெற்று, மறந்ததையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள். நான் இசக்கி.

ஹாலில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அஞ்சா? அது எப்படி அஞ்சு வரும்?" இது அம்மா.

"அஞ்சுக்கு அஞ்சுன்னா ஃபுல் மார்க்குலா?" இது நான்.

"ஒம்பதுக்கு அஞ்சு, ஏட்டி." அம்மா.

"பாதிக்கு மேல இருக்குல்லா? மண்டியில பாதி விலை கெடச்சாலே தள்ளிவிட்டுருவேன்." இது அப்பா.

"அது வந்து…" இது அக்கா.

"பிள்ளையோட படிப்பு என்ன வாழத்தாரா, தள்ளிவிட?" அம்மா.

"தாருன்னா அழுகுறதுக்கு முன்னால விக்கணும்," நான்.

"வாய மூடுட்டி," அப்பாவும் அம்மாவும்.

அக்காவின் 'அது வந்து' இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 23

அக்காவுக்குக் கோச்சிங் கொடுக்கும் கிதியோன் சாரைப் பார்க்கப் போனோம். சமாதானபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே அவர் சென்டர். பாடத்தைவிட பப்ஸ் வாசனைதான் அதிகம் ஏறும்.

"இங்கிலீஷ்லாம் பிரமாதம்மா," என்றார். "வாய்தான் திறக்க மாட்டேங்கா. பேசுற பரீட்சையில ஒரு சீட்டு குடுப்பாங்க. அதுல இருக்க விஷயத்தப் பத்தி ரெண்டு நிமிஷம் தானாப் பேசணும். எதுத்தாப்புல இருக்கவங்க ஒத்த வார்த்தை பேச மாட்டாங்க, சிரிக்கவும் மாட்டாங்க. நம்ம பேச்சி ரெண்டு வரி சொல்லிட்டு தேங்க்யூன்னு எந்திரிச்சிருதா."

பேசுகிற பாகத்தை மட்டும் திரும்ப எழுதலாமாம். மே 24, மதுரையில். ஜூன் முதல் தேதிக்குள் பல்கலைக்கழகத்துக்கு மார்க் போய்ச் சேர வேண்டும். "அதுவரைக்கும் வீட்டுல பேசிப் பழகுங்க," என்றார் சார்.

எங்கள் வீட்டில் பேசிப் பழகச் சொல்வது தாமிரபரணியை நீச்சல் பழகச் சொல்வது மாதிரி. அப்பா நயினார்குளம் மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் கூறுகிறவர். அம்மா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நான், நான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சொன்னாள்: "இந்தத் தடவையும் வரலைன்னா பாத்துக்கிடுங்க. வீரவநல்லூர்க்காரங்க பொண்ணு கேட்டுட்டே இருக்காங்க."

"ஆறரை பேண்ட் வரலைன்னா பேண்டு செட்டு வரும்னு சொல்லுங்க," என்றேன்.

ஆட்டோக்காரர் சிரித்தார். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 24

அரிசி கழுவிய தண்ணீரை மொட்டைமாடி வாழைக்கன்றுகளுக்கு ஊற்றினேன். வேறு சாதனை இல்லை.

ஏப்ரல் 26

என்னை வீட்டுத் தேர்வாளராக நியமித்திருக்கிறார்கள். நியமித்தது நான்தான். அப்பாவின் மூக்குக் கண்ணாடி, அம்மாவின் பாலிசி ஃபைல், பேர் மிஸ் இசபெல்லா.

முதல் சீட்டு: உனக்குப் பிடித்த ஓர் இடம். அக்கா இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை: "எங்கள் காலேஜ் பண்ணை. அங்கே நிறைய வாழை ரகங்கள் உண்டு. அமைதியாக இருக்கும். நன்றி."

"நன்றி சொன்னா பரீட்சை முடிஞ்சிருமா? இன்னும் பாதிக்கு மேல கெடக்கு. பண்ணையில என்னக்கா அமைதி, கொரங்கு வராதா?"

"வரும். ஒரு நாள் ஒரு கொரங்கு—"

"கொரங்குன்னதும்தான் ஞாபகம் வருது!" என்று ஆரம்பித்து, பாபநாசம் டூரில் குரங்கு என் டிபன் பாக்ஸைத் தூக்கிப்போய், மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அம்மா செய்த உப்புமா என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னேன். குரங்கு, வாட்ச்மேன், டீச்சர் மூன்று பேருடைய குரலும் நான்தான். அம்மா கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். நல்ல பயிற்சி. நாளையும் தொடரும்.

ஏப்ரல் 29

கோபம் வந்தால் பேச்சு வரும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. ஆகவே இன்று காலை மொட்டைமாடிக்குப் போய், அக்கா காலேஜிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கும் கன்றுகளின் பேர் அட்டைகளை எல்லாம் மாற்றிக் குத்திவைத்தேன். ரஸ்தாளி கதலியாயிற்று. கதலி ஏத்தனாயிற்று. ஏத்தனுக்கு மட்டும் 'இசக்கி' என்று புதிதாக ஓர் அட்டை எழுதினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் எல்லா அட்டையும் அதனதன் இடத்தில் இருந்தது. 'இசக்கி'யை மட்டும் ஒரு காலித் தொட்டியில் நட்டிருந்தாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"ரஸ்தாளிக்கு எலக்காம்பு ஓரம் செவந்திருக்கும்."

"கோவம் வரலியா?"

"வந்துச்சு."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீதான்—"

அதற்குள் கீழே பால்காரர் வந்துவிட்டார். நான் தூக்குவாளியை எடுக்க ஓடினேன்.

மே 2

வீரவநல்லூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய தம்பி, தம்பியின் மனைவி. மூன்று பேருமே அம்மாவிடம் பாலிசி எடுத்தவர்கள். மாப்பிள்ளை சென்னையில் ஏதோ கம்பெனியில் ஏதோ வேலை. போட்டோவில் பாவமாகத்தான் இருக்கிறார்.

பேச்சு ஒரு மாதிரி வட்டமடித்து இறங்கியது. "பிள்ளைக்குச் சம்மதம்தானே வடிவு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அம்மா அக்காவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், கொசு உட்கார்ந்து எழுகிற நேரம். "எங்க பிள்ள எதுத்து ஒரு வார்த்தை சொல்லாது," என்றாள்.

அப்பா சிரித்தார். "மண்டியில யாரும் வாயத் திறக்கலைன்னா ஏலம் முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று நான் கையைத் தட்டினேன்.

அன்றைய கூட்டத்தில் அதிகச் சிரிப்பு வாங்கியது அதுதான். மாப்பிள்ளையின் மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்காவின் வாய் கொஞ்சம் திறந்து மூடியதைப் பார்த்தேன். கொட்டாவியாக இருக்கலாம்.

மே 26 முகூர்த்த நாள். அன்றைக்குப் பூ வைத்து நிச்சயம் செய்வது என்று முடிவாகிவிட்டது. "ஸ்கோர் வந்தா மாப்பிள்ளையும் கூடப் போட்டும். வரலைன்னா மெட்ராஸுல குடித்தனம்," என்றாள் அம்மா. "ரெண்டு பக்கமும் நமக்கு நஷ்டமில்ல."

தன் தட்டிலிருந்த மிக்சரை அக்கா தொடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மே 3

என் 'மூணு தரம்' ஜோக்கைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அக்காவுக்குத் தலைவலி.

மே 5

வீட்டுத் தேர்வு ஒன்றைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார் கிதியோன் சார். நேற்று அனுப்பினேன். இன்று அவரிடமிருந்து பதில் வந்தது, வாய்ஸ் மெசேஜாக:

"ஏம்மா இசக்கி, பரீட்சை எழுதப் போறது நீயா, உங்க அக்காவா? உனக்கு எட்டு பேண்ட் போட்டுட்டேன். அடுத்து உங்க அம்மாவுக்கு ஏழு. குக்கருக்கு ஆறு. உங்க அக்கா எங்க இருக்கான்னு தேடிட்டு இருக்கேன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் எட்டு பேண்ட் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்கலாமே என்று பதிவைப் போட்டேன்.

என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறாள். ஆரம்பித்துவிட்டு, அடுத்த வார்த்தையைத் தேடி ஒரு சின்ன இடைவெளி விடுகிறாள். அந்த இடைவெளியில் யாராவது புகுந்துவிடுகிறோம். ஒரு தடவை அம்மா, தேங்காய் சில்லு கேட்டு. ஒரு தடவை அப்பா, செருப்பு எங்கே என்று. மிச்சமெல்லாம் மிஸ் இசபெல்லா. ஓர் இடத்தில் அக்கா 'எனக்கு' என்கிறாள். உடனே நான் "ஒனக்கென்ன, மகாராணி!" என்கிறேன். அந்த 'எனக்கு'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. போய்க் கேட்டேன். மறந்துபோயிற்றாம்.

முழுவதும் கேட்டிருப்பேன். போனில் சார்ஜ் இல்லை.

மே 6

வீட்டில் 144 தடை உத்தரவு பிறப்பித்துவிட்டேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு நிமிடம் அக்கா மட்டும்தான் பேசலாம். போனில் அலாரம் அடிக்கும்வரை மற்றவர்களின் வாய் சாப்பிடுவதற்கு மட்டும்.

எதிர்ப்பு பலமாக இருந்தது.

"என்னால முடியாது தாயி," என்றார் அப்பா. "ஏலத்துல நடுவுல ஒரு மூச்சு விட்டா விலை விழுந்துரும். முப்பது வருஷப் பழக்கம்."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் அம்மா. "பாலிசி பேசும்போது கொஞ்சம் இடைவெளி விட்டாப் போச்சு, அந்த இடத்துலதான் வேண்டாம்னு சொல்லுவாங்க. விடவே கூடாது."

"அதான் இந்த வீட்டுல யாரும் வேண்டாம்னே சொன்னதில்ல," என்றேன். ஜோக்காகத்தான் சொன்னேன். எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

முதல் முயற்சி. சீட்டு: நீ பார்த்த ஒரு திருவிழா. அக்கா மூன்று வரி சொன்னாள். நிறுத்தினாள். ரோட்டைக் கடக்க நிற்கிறவர்கள் வண்டி போகட்டும் என்று நிற்பார்களே, அப்படி எங்களைப் பார்த்து நின்றாள். வண்டி எதுவும் வரவில்லை. அப்பா சோற்றில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா உதட்டை உள்ளே மடித்திருந்தாள். நான் தாவணியைக் கடித்தேன்.

அக்காவுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்திருக்கும். பிறகு ஒரு காலை எடுத்துவைக்கிற மாதிரி இன்னும் இரண்டு வரி சொன்னாள்.

அலாரம் அடித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். பக்கத்து வீட்டு மாமி சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

மே 9

அக்கா இன்று சீட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தன் படிப்பைப் பற்றிப் பேசினாள். இங்கிலீஷ் நடுவில் 'ரஸ்தாளி' என்று காதில் விழுந்ததும் அப்பா சட்டத்தை மீறினார்.

"எனக்கும் புரியுற மாதிரி சொல்லேன் தாயி."

அக்கா என்னைப் பார்த்தாள். தேர்வாளராக அனுமதித்தேன். தமிழில் சொன்னாள்.

"வாடல் நோய்ப்பா. மண்ணுல இருந்து வேர் வழியா ஏறும். மொதல்ல அடி எலை மஞ்சளாவும். பொறவு தண்டு வெடிக்கும். வெளிய பாத்தா தண்ணி இல்லாம வாடுத மாதிரியே இருக்கும். அதனால இன்னும் தண்ணி பாய்ச்சுவாங்க. அந்தத் தண்ணி ஓடுத பக்கமெல்லாம் நோயும் போகும். ஒரு தோட்டத்துக் கன்ன எடுத்து இன்னொரு தோட்டத்துல வச்சாப் போகும். மம்பட்டியில போகும். லாரி டயருல ஒட்டுன மண்ணுல போகும்." நிறுத்தினாள். எங்களைப் பார்க்கவில்லை, யோசிப்பதற்காக நிறுத்தினாள். "பெல்ஜியத்துல வாழை கெடையாது. ஆனா உலகத்துல இருக்க ரகமெல்லாம் கண்ணாடிக் குழாயில சின்னச் சின்னக் கன்னா வச்சிருக்காங்க. இந்த நோயத் தாங்குத ரகம் அதுல இருக்கலாம். அங்க போய் தேடணும்."

அலாரம் அடித்தது.  அப்பாவின் கை சாம்பார் சோற்றிலேயே இருந்தது.

"பத்து வருஷமா ரஸ்தாளி வரத்து கொறையுது, கொறையுதுன்னு கத்திட்டு இருக்கேன்," என்றார் கடைசியில். "நம்ம மண்டி லாரிதானா?"

"நம்ம லாரி மட்டும் இல்லப்பா."

"இத ஏன் நீ முன்னாலயே சொல்லல?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. ரசம் சூடாக இருந்தது.

மே 13

புளிக்குழம்பு. அலாரத்தைத் தாண்டியும் ஓடியது. அக்காவின் பேச்சு, குழம்பு இல்லை.

மே 16

பத்தாம் வகுப்பு ரிசல்ட். 431. தமிழில் 96 என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். கணக்கைப் பதிவு செய்யப் போவதில்லை.

அம்மா போனிலேயே 'சந்தோஷம்ட்டி' என்றாள். பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க டவுனுக்குப் போயிருந்தாள், 26ஆம் தேதிக்கு. அப்பா மண்டியில் இருந்தார். அக்காதான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பாடமாகக் கேட்டாள். கணக்கில் ஏன் குறைந்தது என்று நான் ஒரு பெரிய கதை விட்டேன். முடியும்வரை கேட்டுவிட்டு, "சரி, இப்ப நெசத்தச் சொல்லு," என்றாள்.

அவள் ஜாக்கெட் அளவு கொடுக்கப் போகவில்லை. பழைய ஜாக்கெட்டையே அம்மா அளவுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.

மே 18

நடந்ததை எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தினமும் சீட்டு எடுக்கும் பெட்டியில் இருந்தவை எல்லாமே ஒரே சீட்டாக இருந்ததற்கு நான் பொறுப்பல்ல. ஜெராக்ஸ் கடையில் ஏதோ தவறு நடந்திருக்கலாம்.

அக்கா ஒன்றை எடுத்து வாசித்தாள். 'நீங்கள் ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரு சமயத்தை விவரிக்கவும்.'

ஒன்பதாம் தேதியிலிருந்து ஒரு நாள் இங்கிலீஷ், ஒரு நாள் தமிழ் என்று அப்பா கேட்டு வாங்கியிருந்தார். இன்று தமிழ் முறை.

"அப்படி ஒண்ணு நடந்ததில்ல," என்றாள் அக்கா.

அலாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "அதான், நல்ல பிள்ள—" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா இடது கையை உயர்த்தினார். ஏலத்தில் ஒருவர் விலை கேட்க யோசிக்கும்போது மற்றவர்களை அடக்க அவர் அப்படிச் செய்வார். அம்மா நிறுத்திக்கொண்டாள். என் வாயில் நானே ஒரு முழு அப்பளத்தைத் திணித்துக்கொண்டேன். நொறுங்கும் சத்தம் வரக்கூடாதென்று அதை நமுத்துப்போகும்வரை வைத்திருந்தேன்.

"வேண்டாம்னு சொல்லணும்னு நெனச்சது இருக்கு," என்றாள் அக்கா. "அதச் சொல்லவா?"

 தேர்வாளர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

"அன்னைக்கு அவங்க வந்தப்ப நான் வாயத் திறந்தேன். நீங்க பாக்கல. எனக்கு இப்பப் பூ வைக்க வேண்டாம். அவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. எனக்கு அவங்களத் தெரியாது." நிறுத்தினாள். "ஸ்கோர் வந்தா அவரயும் கூட்டிட்டுப் போன்னு சொல்லுதீங்க. நான் படிக்கப் போறேம்மா. ஒருத்தரக் கொண்டுபோய்ச் சேக்கப் போகல. ஸ்கோர் வரலைன்னா…" மறுபடி நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். நாங்கள் இருந்தோம். "வரலைன்னா அழுவேன். பொறவு திரும்ப எழுதுவேன். அப்பவும் பூ வேண்டாம். கல்யாணமே வேண்டாம்னு சொல்லல. எப்ப வேணும்னு நான் சொல்லுவேன். சொல்லும்போது கேளுங்க. நான் மெதுவாத்தான் பேசுவேன். நடுவுல நிறுத்துவேன். நிறுத்துனா முடிஞ்சிட்டுன்னு அர்த்தமில்ல."

அலாரத்தை அடிக்கவிடாமல் நான் அணைத்துவிட்டேன். எப்போது என்று ஞாபகம் இல்லை.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? தேதி குறிச்சாச்சு. ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தாச்சு. அவங்க மூஞ்சில நான் எப்படிட்டி முழிப்பேன்?"

 அக்கா தலை குனியவில்லை.

அப்பா கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு அங்கிருந்தே சொன்னார்: "வடிவு, காலையில போன் போட்டுச் சொல்லிரு."

மே 19

அம்மா வீரவநல்லூருக்குப் போன் செய்தாள். நான் கதவுக்குப் பின்னால் தற்செயலாகக் கோலப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா எப்போதும் போனில் நலம் விசாரித்து, வெயில் விசாரித்து, பேரப்பிள்ளைகளின் பல் விசாரித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாள். இன்று, "எம்பிள்ள இப்ப வேண்டாம்னு சொல்லிட்டா மைனி," என்றாள். அதோடு நிறுத்தினாள். அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். அம்மா 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட இடையில் புகவில்லை.

"மூணு பாலிசியும் போச்சு," என்றாள் போனை வைத்துவிட்டு. பிறகு, "போனாப் போட்டும்," என்றாள்.

மத்தியானம் தூங்குகிறேன் என்று படுத்தாள். தூங்கவில்லை. அக்கா காப்பி போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவே இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது, மாவரைக்கப் போய்விட்டேன்.

மே 24

மதுரை. அப்பா, அக்கா, நான். ஒரு ஹோட்டலின் மாடியில் பரீட்சை. அக்கா மட்டும் உள்ளே போனாள். பாஸ்போர்ட்டைத் தவிர கைக்குட்டையைக்கூட விடவில்லையாம். நாங்கள் எதிர்த்தாற்போல் மரத்தடியில் நின்றோம். அப்பா மூன்று கடையில் வாழைப்பழ விலை விசாரித்துவிட்டு, மூன்று கடைக்காரரையும் திட்டினார்.

அக்கா வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. நடையில் விறுவிறுப்பு. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்னாச்சு தாயி?"

"பாதியில நிறுத்திட்டாங்கப்பா."

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. "பேச்சு வரலியா?"

"வந்துச்சு! பேசிட்டுதான் இருக்கேன், ரெண்டு நிமிஷம் ஆயிட்டுன்னு அந்தம்மா கைய நீட்டிட்டாங்க. நான் சொல்லி முடிக்கவே இல்ல!"

அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பழக்கடைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவரையும் முறைத்தாள்.

"சீட்டு என்னக்கா?"

"சத்தமான ஒரு இடம். நம்ம வீட்ட எடுத்துக்கிட்டேன். அப்பா ஏலத்தச் சொன்னேன். அம்மா பாலிசி பேசுதத சொன்னேன். ஒங்கிட்ட வாரதுக்குள்ள நிறுத்திட்டாங்க."

"முக்கியமான ஆள விட்டுட்டியே! பேண்ட் போச்சு!"

"கேளு, இப்பச் சொல்லுதேன்," என்றாள்.

பஸ்ஸில் சொன்னாள். திருமங்கலம் தாண்டியும் சொன்னாள், சாத்தூர் தாண்டியும் சொன்னாள். என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. கோடை உழவைப் பற்றிய குறிப்பு பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அப்பா முன் சீட்டில் தூங்குவது போல் இருந்தார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்காரர் ஏறியபோது, கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டி அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.

மே 29

பேச்சில் ஏழு.

மத்தியானம் வந்தது. அம்மா தன் கஸ்டமர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். வீரவநல்லூருக்கும் போய்விட்டது; அழிப்பதற்குள் நீல டிக் வந்துவிட்டதாம். கிதியோன் சார் பப்ஸ் கொடுத்தனுப்பினார். அக்கா பெல்ஜியத்துக்கு மார்க்கை அனுப்பிவிட்டாள். செப்டம்பரில் கிளம்ப வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் தடை உத்தரவு ஒன்றும் இல்லை. எல்லோரும் பழையபடி ஒரே நேரத்தில் பேசினோம். அக்காவும்தான்.

"ரெண்டு வருஷம் கழிச்சுதான் வருவியா? நடுவுல வர மாட்டியா?" அம்மா.

"டிக்கெட்டு வாழப்பழ விலையா, நெனச்சா வர?" அப்பா.

"குளுருல வாய் ஒறைஞ்சிராம பாத்துக்க, இப்பதான் தொறந்திருக்கு," நான். "பீரோவுல மேல் தட்டு எனக்கு. ஃபேனுக்கு நேர் கீழ உள்ள எடமும் எனக்கு. ஒன் தலகாணி நல்லா இருக்கும், அதயும் வச்சிட்டுப் போ."

"சரி," என்றாள் அக்கா. "எல்லாம் எடுத்துக்க. நான் போறது ஒனக்கு எப்படி இருக்கு?"

பதில் தயாராகவே இருந்தது. வாயைத் திறந்தேன். நான் வைத்திருந்த ஜோக் அங்கே இல்லை. வேறொன்றைத் தேடினேன். அதுவும் இல்லை.

"என்னட்டி, ஒனக்கு என்ன—" என்று ஆரம்பித்த அம்மாவின் கையை அக்கா மெதுவாகத் தொட்டாள். "அவ சொல்லட்டும்மா."

எனக்காக யாரும் காத்திருந்ததே இல்லை. அதற்கு நான் தேவையே வைத்ததில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். அப்பாகூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ரொம்பத் தூரம்லா," என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. அக்கா 'ஆமா' என்று சொல்லவில்லை. சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போகவும் இல்லை. நான் இன்னும் முடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.